மொராக்கோவின் நான்கு அரச நகரங்கள்: மதிலுக்குள் போவதற்கு முன்னும் பின்னும்

ரபாத், மெக்னெஸ், ஃபெஸ், மராகெஷ். மொராக்கோவை ஆண்டவர்கள் வெவ்வேறு காலத்தில் தலைநகராக வைத்திருந்த நான்கு ஊர்கள் இவை. நான்கிலும் மதில் சூழ்ந்த பழைய நகரம் உண்டு. அங்கே அதை மதீனா என்கிறார்கள். எந்த சுல்தான் எப்போது கட்டினார் என்பதெல்லாம் தேடினால் நிமிடத்தில் கிடைத்துவிடும். எந்த வாசலில் இறங்குவது, கையில் எவ்வளவு சில்லறை வைத்திருப்பது, எந்தக் கிழமை போகக் கூடாது, விசாப் படிவத்தில் பெயரை எப்படி எழுதுவது என்பதெல்லாம்தான் நான் தேடித் தேடி அலுத்துப்போனவை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்று இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் விட முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதிலுக்குள் தெருப் பெயரும் கதவு எண்ணும் பெரிதாக உதவாது. வாசல்தான் முகவரி. தங்குமிடம், டாக்சி, சந்திக்கும் இடம், தொலைந்தால் திரும்பும் வழி எல்லாவற்றையும் வாசலை வைத்தே யோசியுங்கள்.

1. விசா: முதலில் பெயரைப் பாருங்கள்

மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலாவுக்கு விசா வேண்டாம். அவர்கள் அடுத்த தலைப்புக்குப் போகலாம்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். 2022 முதல் இணையவழி விசா இருக்கிறது. அரசின் தளத்தின் பெயர் அக்செஸ் மரோக். அதே மாதிரி பெயரும் நிறமும் கொண்ட இடைத்தரகர் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும். இரண்டு மடங்கு கேட்டால் தவறான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அரசுக் கட்டணம் சாதாரண முறையில் 770 மொராக்கோ திர்ஹம், அவசர முறையில் 1,100 திர்ஹம். ஒரு திர்ஹத்துக்குத் தோராயமாக 9, 10 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள், அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் குடியிருப்பு அனுமதியோ பலமுறை நுழையும் விசாவோ உள்ளவர்களுக்குத் தனி வகை உண்டு. அனுமதி குறைந்தது 180 நாளும், விசாவாக இருந்தால் 90 நாளும் செல்லுபடியாக இருக்க வேண்டும். எந்த வகையில் விண்ணப்பிக்கிறோம் என்பதை முதல் பக்கத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். இதில் மாறிப்போனால் பிறகு கேட்கும் ஆவணங்களும் மாறிவிடும்.

ஸ்கேன் செய்து தயாராக வைக்க வேண்டியவை: பயணத்துக்குப் பின்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம், வெள்ளைப் பின்னணியில் புதிய படம், தங்குமிட முன்பதிவு, திரும்பும் விமானச் சீட்டு. பாஸ்போர்ட் படத்தைக் கைபேசியில் எடுத்தால் மேலே மினுமினுக்கும் பிளாஸ்டிக்கில் விளக்கொளி விழுந்து கீழே இருக்கும் இரண்டு வரி எழுத்து தெரியாமல் போகும். கடையில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

நம்மவர்களை நிறுத்திவைக்கும் சிக்கல் பெயர். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நகர விடாது. இஷ்டத்துக்கு இனிஷியலை விரித்துப் போட்டால் விமானச் சீட்டில் ஒரு பெயர், விசாவில் ஒரு பெயர் என்று ஆகிவிடும். பணம் கட்டுவதற்கு முன்பே தளத்தில் இருக்கும் உதவி முகவரிக்கு எழுதிக் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறைய நாள் இருக்கிறது என்றால் பாஸ்போர்ட்டிலேயே பெயரை இரண்டாகப் பிரித்து வாங்கிவிடுவது நிரந்தரத் தீர்வு. சென்னையிலிருந்து அபுதாபி, துபாய், தோஹா வழியாகக் காசாபிளாங்கா போகலாம். வழியில் துபாயில் இறங்கி இரண்டு நாள் சுற்றலாம் என்ற எண்ணம் இருந்தால், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டை 2022 நவம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகம் வருகையாளர் விசாவுக்கு ஏற்பதில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னும் மூன்று பொறிகள். ஒன்று, வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்காவிட்டால் கட்டணம் ஏறாது. அட்டையில் தப்பில்லை, அனுமதிதான் மூடியிருக்கும். இரண்டு, சாதாரண முறைக்குச் சொல்லப்படும் 72 மணி நேரம் என்பது வேலை நாள் கணக்கு. வியாழக்கிழமை கொடுத்துவிட்டு ஞாயிறு விமானம் ஏற முடியாது. மூன்று, விசா 180 நாளுக்குச் செல்லும் என்று போட்டிருக்கும். ஆனால் உள்ளே இருக்கக்கூடியது 30 நாள், நுழைவது ஒரே ஒரு முறை. டாஞ்சியரில் கப்பல் ஏறி ஸ்பெயினை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றால் இந்த விசாவில் திரும்ப முடியாது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி மொராக்கோவுக்குத் தேவையில்லை. யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். டிரோன் மட்டும் எடுத்துப் போகவே வேண்டாம். அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

2. மாதம், கிழமை, கடிகாரம்

போக நல்ல காலம் மார்ச் பாதியிலிருந்து மே வரை, அப்புறம் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை. மற்ற மாதங்களில் போகக் கூடாது என்றில்லை. ஜூலை, ஆகஸ்டில் ஃபெஸும் மராகெஷும் 40 டிகிரியைத் தாண்டும். டிசம்பர், ஜனவரியில் பகல் அருமையாக இருக்கும். இரவில் அந்தக் கல்வீடுகளுக்குள் குளிர் எலும்பு வரை இறங்கும். அறையில் ஹீட்டர் உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஃபெஸ் மதீனாவுக்கு வெள்ளிக்கிழமையை ஒதுக்காதீர்கள். மதியத் தொழுகைக்குப் பிறகு பாதிக்கு மேல் கதவுகள் சாத்தியிருக்கும். படமெடுக்க மட்டும் வந்தவர்களுக்கு அது நல்ல நாள். பட்டறைகளையும் கடைகளையும் பார்க்க வந்தவர்களுக்கு வீண் நாள். ஈதுல் அத்ஹாவை (பக்ரீத்) ஒட்டிய சில நாட்களையும் தவிர்த்துவிடுங்கள், ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பியிருக்கும்.

ரமலானில் போகலாம், ஆனால் திட்டமே வேறு. பகலில் பெரும்பாலான உணவகங்கள் மூடியிருக்கும். மாலை நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்பிருந்து ஒரு மணி நேரம் டாக்சியே கண்ணில் படாது. அந்த நேரத்தில் ரயிலைப் பிடிக்கும்படி திட்டம் போடாதீர்கள். கடிகாரமும் மாறும். மொராக்கோ ஆண்டு முழுக்க கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடும். ரமலான் மாதத்தில் மட்டும் அந்த ஒரு மணியைக் குறைத்துவிடுவார்கள். சில கைபேசிகள் தாமாக மாற்றிக்கொள்ளாது. ரயில் நிலையக் கடிகாரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

3. எந்த ஊர் முதலில், எத்தனை நாள்

பெரும்பாலான சுற்றுலாத் திட்டங்கள் மராகெஷில் தொடங்குகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் நாளே அந்தக் கூட்டத்திலும் கூவலிலும் இறங்கினால் ஊரே நம்மைப் பிடுங்க வந்த மாதிரித் தோன்றிவிடும். ரபாத்தில் தொடங்குங்கள். அங்கே மதீனா சிறியது, தெருக்கள் ஓரளவு நேராக ஓடும், யாரும் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். பேரத்துக்கும் சந்துக்கும் பழக அது நல்ல பயிற்சிக் களம்.

ரபாத்தில் 1 இரவு, மெக்னெஸில் 1, ஃபெஸில் 3, மராகெஷில் 2 அல்லது 3. பயண நேரங்களும் சேர்த்து ஒன்பது, பத்து நாள் வைத்தால் மூச்சு வாங்காது. விடுமுறை ஒரு வாரம்தான் என்றால் மெக்னெஸை ஃபெஸிலிருந்து பகலில் போய் வந்துவிடலாம், ரயிலில் முக்கால் மணி நேரம்தான். ஃபெஸ் நாட்களை மட்டும் குறைக்காதீர்கள்.

வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஃபெஸ் மதீனா ஒரு கிண்ணம் போல் நடுவில் குழிந்தது. இறங்குவது சுலபம், திரும்பி ஏறுவதற்குள் முழங்கால் கெஞ்சும். மழை பெய்தால் கல்பாவிய தரை வழுக்கும். ரபாத்தும் மெக்னெஸும் அவர்களுக்குத் தோதானவை. மராகெஷ் சமதரை, ஆனால் சந்துக்குள் மோட்டார் சைக்கிள்கள் உரசிக்கொண்டு போகும்.

4. தங்குமிடம்: அறையைப் பார்க்கும் முன் வாசலைப் பாருங்கள்

மதிலுக்குள் நடுமுற்றம் வைத்த பழைய வீடுகளை விடுதிகளாக்கியிருக்கிறார்கள். ரியாத் என்றும் தார் என்றும் பெயர். இருவர் அறை காலை உணவோடு 500 முதல் 900 திர்ஹத்துக்குள் நன்றாகவே கிடைக்கும். பதிவு செய்யும் முன் மூன்று கேள்விகள் எழுதிக் கேளுங்கள். பக்கத்தில் இருக்கும் வாசல் எது? டாக்சி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை நிமிடம் நடக்க வேண்டும்? அறை எத்தனையாவது மாடி?

இரண்டாவது கேள்விக்கு "ரொம்பப் பக்கம்" என்று பதில் வந்தால் மறுபடி நிமிடக் கணக்கு கேளுங்கள். மதிலுக்குள் கார் வராது. பெட்டியை நீங்கள் உருட்டுவீர்கள், அல்லது வாசலில் தள்ளுவண்டியோடு நிற்பவர் 30, 40 திர்ஹத்துக்குக் கொண்டுவந்து தருவார். வண்டி நகரும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள். மூன்றாவது கேள்வி ஏனென்றால் இந்த வீடுகளில் லிஃப்ட் கிடையாது, படிகள் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும்.

ஃபெஸில் பாப் பூ ஜெலூத் வாசலுக்கோ ரசீஃப் சதுக்கத்துக்கோ ஐந்து நிமிடத்துக்குள் இருக்கும் வீடாகத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் இரவில் வந்து சேர்வதாக இருந்தால் வாசலுக்கே ஆள் அனுப்பச் சொல்லுங்கள். சிலர் இலவசமாகவும் சிலர் ஒரு தொகைக்கும் செய்வார்கள், இரண்டுமே நியாயம்தான். பகலில் கலகலப்பாக இருந்த சந்து இரவில் கடைக்கதவுகள் அடைத்தபின் அடையாளமே தெரியாமல் மாறிவிடும்.

இணையத்தில் காட்டிய விலைக்கு மேல் ஆளுக்கு ஓர் இரவுக்கு என்று நகர வரி இருக்கும். பல இடங்களில் ரொக்கமாகத்தான் வாங்குவார்கள். ஏமாற்று இல்லை, எல்லாரும் கட்டுவது.

5. பணம்

திர்ஹத்தை வெளிநாட்டில் தாராளமாக வாங்க முடியாது. 2,000 திர்ஹத்துக்கு மேல் நாட்டுக்குள் கொண்டுவரவும் வெளியே கொண்டுபோகவும் கூடாது. யூரோவோ டாலரோ கொஞ்சம் எடுத்துப் போங்கள், மீதியை ஏடிஎம்மில் எடுக்கலாம். பெரும்பாலான ஏடிஎம்கள் ஒரு தடவைக்கு 2,000 திர்ஹம்தான் தரும், ஒவ்வொரு தடவையும் கட்டணம் பிடிக்கும். ஆகவே நூறு இருநூறாக எடுக்காதீர்கள். திரையில் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதம் எப்போதும் நஷ்டம்தான். பணம் மாற்றிய ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், மீந்ததைத் திருப்பி மாற்றும்போது கேட்பார்கள்.

மதிலுக்குள் அட்டை பெரிதாக ஓடாது. ஒவ்வொரு காலையும் 200 திர்ஹம் நோட்டு ஒன்றை எங்காவது உடைத்து 5, 10, 20 ஆக வைத்துக்கொண்டால் அன்றைய நாள் நிம்மதி. சில்லறை இல்லை என்பது டாக்சிக்காரரின் பொதுவான பதில்.

இன்னொரு குழப்பம்: வயதானவர்கள் இன்னும் ரியாலில் விலை சொல்வார்கள். 20 ரியால் ஒரு திர்ஹம். காய்கறிக்காரர் "நூறு" என்றால் அது 5 திர்ஹமாக இருக்கலாம். பதறிப் போய் நூறு நோட்டை நீட்டாமல், திர்ஹமா ரியாலா என்று கேளுங்கள்.

ரியாத்தில் ஒரு அறையை இருவர் பகிர்ந்துகொண்டால், தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர் போக்குவரத்து, நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 600, 700 திர்ஹம் தாராளமாகப் போதும். கம்பளம் வாங்குவது இந்தக் கணக்கில் சேராது.

6. இறங்கியதும்: சிம், ரயில்

சிம் வாங்க பாஸ்போர்ட் வேண்டும். மரோக் டெலிகாம், ஆரஞ்ச், இன்வி மூன்றில் எதுவானாலும் நகரங்களில் போதும். கடையை விட்டு நகரும் முன் இணையம் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நான்கு ஊர்களையும் ரயில் இணைக்கிறது. ரபாத்திலிருந்து ஃபெஸுக்கு மூன்று மணிக்குள், காசாபிளாங்காவிலிருந்து மராகெஷுக்கு இரண்டே முக்கால் மணி அளவில், ஃபெஸிலிருந்து மராகெஷுக்கு ஆறரை ஏழு மணி நேரம். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் முதல் வகுப்பு எடுங்கள். இருக்கை எண் உறுதியாகக் கிடைக்கும், விலை வித்தியாசம் பெரிதில்லை. வெளிநாட்டு அட்டைக்கு இணையத்தில் சீட்டுப் போட முடியாமல் போவது உண்டு. முந்தின நாள் நிலையத்துக்கே போய் வாங்கிவிடுவது நல்லது.

பொறி எங்கே என்றால் நிலையப் பெயர்களில். ரபாத்தில் இரண்டு நிலையங்கள்: மதீனாவுக்கு நடந்து போகக்கூடியது ரபாத் வில், அல் போராக் அதிவேக ரயில் நிற்பது ரபாத் அக்தால். காசாபிளாங்காவில் காசா வொயாஜர், காசா போர் என்று இரண்டு. அல் போராக் வொயாஜரில்தான். மெக்னெஸிலும் இரண்டு உண்டு. பழைய நகரத்துக்கு அல் அமீர் நிலையத்தில் இறங்குவது வசதி. ரயிலில் அறிவிப்பு காதில் விழாமல் போகலாம், ஆகவே நேரத்தை வைத்து எழுந்து நில்லுங்கள்.

7. டாக்சி

சின்ன டாக்சி ஊருக்குள் மட்டும் ஓடும், மூன்று பேருக்கு மேல் ஏற்றாது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிறம்: ஃபெஸில் சிவப்பு, ரபாத்தில் நீலம், மராகெஷில் வெளிர் மஞ்சள். "மீட்டர் போடுங்கள்" என்று கதவைத் திறக்கும்போதே சொல்லுங்கள், உட்கார்ந்த பிறகு சொன்னால் பேரம் தொடங்கிவிடும். ஃபெஸ் நிலையத்திலிருந்து பாப் பூ ஜெலூத்துக்கு மீட்டரில் 20 திர்ஹத்துக்குள்தான் வரும். இரவு எட்டு மணிக்கு மேல் மீட்டருக்கு மேல் பாதி கூடும். அது சட்டப்படியானது, சண்டை போட வேண்டாம். நால்வர் குடும்பம் என்றால் இரண்டு வண்டி பிடிக்க வேண்டும், இதற்கு மாற்று கிடையாது.

ஊர் விட்டு ஊர் போக பெரிய டாக்சி. ஆறு பேர் சேர்ந்தால் கிளம்பும். பழைய வண்டிகளில் முன்னிருக்கையில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருவர் நெருங்கி உட்கார வேண்டியிருக்கும்; இரண்டு இடத்துக்கும் நீங்களே பணம் கொடுத்துவிட்டால் கால் நீட்டலாம். மெக்னெஸிலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வொலுபிலிஸ் ரோமானிய இடிபாடுகளுக்கு இப்படித்தான் போக வேண்டும். பங்கு டாக்சியில் மூலே இத்ரிஸ் ஊர் வரை போய் அங்கிருந்து இன்னொரு வண்டி பிடிப்பது சிக்கனம். அரை நாளுக்கு முழு வண்டியும் பேசினால் 400 திர்ஹம் அளவில் படியும். காத்திருக்கும் நேரமும் அதில் அடங்கும் என்று சொல்லிவிட்டு ஏறுங்கள். அங்கே நிழல் கிடையாது, காலையிலேயே போய்விடுங்கள்.

8. ஃபெஸ் மதிலுக்குள் நடப்பது

இந்தப் பகுதிதான் எல்லாரையும் திணறடிப்பது, ஆகவே கொஞ்சம் விரிவாக.

பாப் பூ ஜெலூத் வாசலின் வெளிப்பக்கம் நீல ஓடு, உள்பக்கம் பச்சை. கூட்டத்தில் திசை குழம்பினால் இதுவே போதும்: பச்சை தெரிந்தால் நீங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள். வாசலைத் தாண்டியதும் இரண்டு பெரிய தெருக்கள் பிரியும். இடப்பக்கம் போனால் தாலா கெபீரா, வலப்பக்கம் தாலா ஸ்கீரா. இரண்டும் சரிந்து இறங்கி நகரத்தின் நடுப்பகுதிக்குத்தான் போகும். இதை மனதில் பதித்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும். கால் கீழே இறங்கினால் நடுப்பகுதிக்குப் போகிறீர்கள். மேலே ஏறினால் பூ ஜெலூத் பக்கம் திரும்புகிறீர்கள்.

கைபேசி வரைபடத்தை முழுதாக நம்பாதீர்கள். சுவர்கள் உயரம், சந்து கை விரித்தால் தொடும் அகலம். நீலப்புள்ளி பக்கத்துத் தெருவில் குதித்துவிடும். வரைபடத்தை இணையமின்றியே பார்க்கும்படி இறக்கி வையுங்கள், திசை பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். சுவர்களில் எட்டுமுனை நட்சத்திர வடிவில் வண்ணப் பலகைகள் இருக்கும். சுற்றுலாப் பாதைகளைக் காட்டுபவை. ஒரே நிறத்தைப் பின்தொடர்ந்தால் முட்டுச்சந்தில் மாட்ட மாட்டீர்கள்.

வழி தவறினால் யாரிடமும் விடுதிப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். "ரசீஃப்" என்று மட்டும் கேளுங்கள். மதீனாவின் நடுவில் வண்டி வந்து நிற்கும் சதுக்கம் அது. அங்கிருந்து சிவப்பு டாக்சி பிடித்து உங்கள் வாசலுக்குப் போய்விடலாம். கேட்பதாக இருந்தால் கடைக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். கடையை விட்டு அவரால் வர முடியாது என்பதால் வழியை மட்டும் சொல்வார்.

பின்னாலிருந்து "பாலக்!" என்று குரல் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், உடனே சுவரோடு ஒட்டுங்கள். கோவேறு கழுதை வருகிறது. அதன் இரு பக்கமும் கட்டிய சிலிண்டரோ ஈரத் தோலோ உங்கள் தோளை இடிக்கும் உயரத்தில் இருக்கும், அது உங்களுக்காக நிற்காது.

"அந்த வழி மூடியிருக்கிறது" என்று ஒரு பையன் தானாக வந்து சொல்வான். மூடியிருக்காது. அவன் காட்டும் வழி ஒரு தோல் கடையில் முடியும், அல்லது காசு கேட்பதில் முடியும். "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று நடந்துகொண்டே சொல்லுங்கள், நின்றால் பேச்சு வளரும். தனியாகப் போகும் பெண்களுக்கு இந்தப் பின்தொடரல் அதிகம். கண்ணில் படும் முதல் கடைக்குள் நுழைந்துவிட்டால் பெரும்பாலும் விலகிவிடுவார்கள். சாதாரண உடையில் சுற்றுலாக் காவலர்களும் சுற்றுவதால் இவர்கள் கூட்டத்தில் வம்புக்கு நிற்பதில்லை. அவசரத்துக்குப் போலீஸ் எண் 19.

ஷுவாரா தோல் பதனிடும் தொட்டிகளைப் பார்க்கச் சுற்றியுள்ள கடைகளின் மொட்டைமாடிக்குத்தான் ஏற வேண்டும். வாசலில் கொடுக்கும் புதினாக் கொத்தை மூக்கில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். வைத்துக்கொள்ளுங்கள், புறா எச்சமும் சுண்ணாம்பும் கலந்த நெடி அது. ஏறுவதற்குக் கட்டணம் கிடையாது. இறங்கும் வழி மட்டும் கடை முழுக்கச் சுற்றித்தான் வரும். வாங்க விருப்பமில்லை என்றால் 10, 20 திர்ஹம் கொடுத்துவிட்டு வரலாம். காலை பத்து மணிக்கு மேல் போனால் வேலை மும்முரமாக நடக்கும்.

9. கைடு எடுப்பதா?

ஃபெஸில் முதல் அரை நாளுக்கு மட்டும், ஆம். மற்ற மூன்று ஊர்களில் அவசியமில்லை. அரசு அனுமதி பெற்றவர் கழுத்தில் படத்தோடு அட்டை தொங்கும். விடுதி வழியாகச் சொல்லிவைத்தால் அரை நாளுக்கு 300, 400 திர்ஹம். "கடைகளுக்குக் கூட்டிப் போக வேண்டாம்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்படியும் ஒரு கம்பளக் கடைக்குள் தேநீர் வந்துவிடும். குடித்துவிட்டு வாங்காமல் எழுந்து வருவதில் எந்தக் குற்றமும் இல்லை.

10. எங்கே நுழையலாம், எவ்வளவு

மொராக்கோவில் மசூதிகளுக்குள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதியில்லை. ஃபெஸின் கரவிய்யீன் பள்ளியைத் திறந்திருக்கும் கதவு வழியாக வெளியிலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். முஸ்லிம்கள் தொழுகை நேரத்தில் போகலாம். காசாபிளாங்காவின் ஹசன் 2 மசூதி விதிவிலக்கு, அங்கே கட்டணச் சுற்று உண்டு. மெக்னெஸில் மூலே இஸ்மாயில் சமாதிக்கும் ரபாத்தில் ஐந்தாம் முகமது சமாதிக்கும் எல்லாரும் போகலாம்.

மதரசாக்கள் என்ற பழைய மதக் கல்விக்கூடங்கள்தான் நுழைந்து பார்க்கத் தோதானவை. ஃபெஸில் பூ இனானியாவும் அத்தாரீனும் 20 திர்ஹம் அளவில். மராகெஷின் பென் யூசுஃப் 50. அரண்மனைகள் 70 முதல் 100. ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பூ இனானியா தொழுகை நேரங்களில் மூடும். மராகெஷில் பாஹியா அரண்மனைக்குக் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். பத்தரைக்கு மேல் குழுக்கள் வந்துவிட்டால் கூரை ஓவியத்தைப் பார்க்க முடியாது, முன்னால் நிற்பவரின் தொப்பியைத்தான் பார்க்கலாம். 2023 செப்டம்பர் நிலநடுக்கத்துக்குப் பிறகு மராகெஷில் சில கட்டடங்களில் பகுதி பகுதியாகப் பழுது பார்க்கிறார்கள், எது திறந்திருக்கிறது என்று விடுதியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

11. சைவக்காரர்களுக்கு

காய்கறி தஜீன் (மண்சட்டியில் வேகவைத்தது) என்று பலகையில் இருக்கும். இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கலாம். ஹரீரா சூப்பிலும் இறைச்சித் துண்டு கிடக்கும். நம்பிச் சாப்பிடக்கூடியவை: பிஸ்ஸாரா என்ற பெரிய அவரைப் பருப்புக் கஞ்சி, ஜாலூக் என்ற கத்தரிக்காய் மசியல், அடுக்கு ரொட்டியான ம்ஸெம்மென். பிஸ்ஸாரா காலையில்தான் கிடைக்கும், மேலே சீரகப் பொடியும் ஆலிவ் எண்ணெயும் விட்டுத் தருவார்கள். 10 திர்ஹத்துக்குள் வயிறு நிறையும்.

12. கடைகள், சதுக்கம்

முதல் நாள் எதையும் வாங்காதீர்கள். ரபாத், மராகெஷ் போன்ற ஊர்களில் அரசு கைவினை மையம் இருக்கிறது, ஆன்சாம்ப்ள் ஆர்டிசனல் என்று கேட்டால் சொல்வார்கள். அங்கே விலை எழுதி ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுச் சந்தைக்குள் போனால் எதற்கு என்ன விலை என்று பிடிபடும். கற்றாழைப் பட்டு என்று விற்கும் துணிகளில் பெரும்பாலானவை செயற்கை இழை. மலிவுக் குங்குமப்பூவும் பெரும்பாலும் போலிதான்.

மராகெஷின் ஜமா எல் ஃபனா சதுக்கத்தில் பாம்பாட்டியையோ குரங்கையோ படமெடுத்தால் காசு கேட்பார்கள், எவ்வளவு என்று பேசிவிட்டு எடுங்கள். மருதாணி போடுபவர் கையைப் பிடித்தால் உதறிவிடுங்கள். கறுப்பு மருதாணியில் கலக்கும் ரசாயனம் தோலில் கொப்புளம் எழுப்பும், குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம்.

13. கிளம்பும் நாள்

கடைசி இரவை உங்கள் விமானம் கிளம்பும் ஊரிலேயே வையுங்கள். ஃபெஸிலிருந்து காலையில் ரயிலேறி மாலை விமானத்தைப் பிடிக்கும் திட்டம் தாளில் நன்றாக இருக்கும், ரயில் ஒரு மணி தாமதமானால் அவ்வளவுதான். விடியற்காலை விமானம் என்றால் டாக்சியை முந்தின நாளே சொல்லிவைத்து, எந்த வாசலுக்கு வரவேண்டும் என்று விடுதிக்காரரையே ஓட்டுநரிடம் பேசச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் தள்ளுவண்டிக்காரர் இருக்க மாட்டார், பெட்டியை வாசல் வரை நீங்களே இழுக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாகப் போய்விடுங்கள்.  போர்டிங் பாஸைக் காகிதத்தில் வாங்குங்கள். மீந்த திர்ஹத்தைப் பாஸ்போர்ட் முத்திரை வரிசைக்கு முன்னால் இருக்கும் கவுண்டரிலேயே, பணம் மாற்றிய ரசீதுகளைக் காட்டி மாற்றிவிடுங்கள்.